கியர் லீவர் லொடலொடக்கிறது: ஷார்ட் ஷிஃப்டர் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2013 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி இருக்கிறது. 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. குடியிருப்பது குன்னூரில். வாரத்துக்கு இரண்டு தடவையாவது மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. கியர் விழுந்த பிறகும் லீவர் முக்கால் அங்குலம் முன்னும் பின்னும் ஆடுகிறது. எந்தக் கியரில் இருக்கிறோம் என்று கைக்குத் தெரிவதில்லை. காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாம் கியர் விழ அடம் பிடிக்கிறது. கொண்டை ஊசி வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது சில சமயம் கரகரக்கிறது. நண்பர் ஒருவர் லீவர் வீச்சை 40 சதவீதம் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் போடச் சொல்கிறார். மெக்கானிக்கோ கியர்பாக்ஸில் கெட்டியான 90 ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. லீவர் ஆடுவது ஒன்று, குளிரில் இரண்டாம் கியர் விழாதது ஒன்று, இறக்கும்போது கரகரப்பது ஒன்று. முதலாவது லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம்), கேபிள் சமாச்சாரம். இரண்டாவது பெரும்பாலும் ஆயில். மூன்றாவது கிளட்ச் அல்லது சின்க்ரோ (கியர் விழுமுன் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்). ஷார்ட் ஷிஃப்டர் இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தீர்க்காது. கெட்டி ஆயில் இரண்டாவதை இன்னும் மோசமாக்கும்.

ஷார்ட் ஷிஃப்டர் ஏன் தீர்க்காது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். லீவர் அடியில் ஒரு பந்து மூட்டில் நிற்கிறது. மூட்டுக்கு மேலே கைப்பிடி வரை 250 மி.மீ., மூட்டுக்குக் கீழே கேபிள் மாட்டும் இடம் வரை 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காகச் சொல்வது. உங்கள் வண்டியில் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.) விகிதம் ஐந்துக்கு ஒன்று. மூன்றாம் கியரிலிருந்து நாலாம் கியருக்கு கேபிள் 24 மி.மீ. நகர வேண்டுமென்றால் உங்கள் கை 120 மி.மீ. நகரும். இதே விகிதம் ஆட்டத்துக்கும் பொருந்தும். கேபிள் முனையில் புஷ் 1 மி.மீ. தேய்ந்தால் கைப்பிடியில் அது 5 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். நீங்கள் சொல்லும் முக்கால் அங்குலம், அதாவது சுமார் 20 மி.மீ., வருவதற்குக் கீழே மொத்தமாக 4 மி.மீ. தேய்ந்திருந்தால் போதும். கேபிளின் இரண்டு முனை, பந்து மூட்டு, கியர்பாக்ஸ் மேல் உள்ள பிராக்கெட் என்று நாலு இடத்தில் ஆளுக்கொரு மில்லிமீட்டர். எந்த ஒரு பாகத்தையும் தனியாகப் பார்த்தால் "இது நல்லாத்தானே இருக்கு" என்றுதான் தோன்றும். இந்த வேலையில் பலரும் ஏமாறுவது இங்கேதான்.

இப்போது வீச்சை 20 சதவீதம் குறைக்கும் கிட் ஒன்றைப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். லீவரின் கீழ்ப்பகுதியை 50-லிருந்து 62.5 மி.மீ. ஆக நீட்டி, விகிதத்தை நாலுக்கு ஒன்றாக்குவார்கள். வீச்சு 120-லிருந்து 96 மி.மீ. ஆகும். ஆட்டம் 20-லிருந்து 16 ஆகும். வீச்சில் ஆறில் ஒரு பங்கு ஆட்டமாக இருந்தது, இப்போதும் அதே ஆறில் ஒரு பங்குதான். கைக்குத் தெரிகிற தெளிவு கொஞ்சமும் கூடவில்லை. ஆனால் கை கொடுக்க வேண்டிய விசை கூடிவிட்டது. வீச்சு 20 சதவீதம் குறைந்தால் விசை 25 சதவீதம் கூடும். 4 கிலோ தள்ளிய இடத்தில் 5 கிலோ தள்ள வேண்டும். உங்கள் நண்பர் சொல்லும் 40 சதவீதத்துக்கு விசை ஏறத்தாழ 67 சதவீதம் கூடும். ஏற்கெனவே காலையில் இரண்டாம் கியர் அடம் பிடிக்கும் வண்டியில் இதைப் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வகைக் கிட்டும் உண்டு. லீவரைத் தொடாமல், கியர்பாக்ஸ் மேலே உள்ள செலக்டர் கையில் (கேபிள் இழுக்கும் சின்ன நெம்புகோல்) கேபிள் மாட்டும் இடத்தை, கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டுக்குப் பக்கமாக நகர்த்துவது. இதில் வீச்சு அதே 96 மி.மீ. ஆகும், ஆனால் ஆட்டம் 20 மி.மீ. அப்படியே நிற்கும். அதாவது பங்கு ஆறில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றுக்கு மேல் போய்விடும். போதாக்குறைக்குக் கேபிளிலும் புஷ்ஷிலும் விழும் விசை 25 சதவீதம் கூடுவதால் பழைய ரப்பர் இன்னும் அமுங்கும். மாட்டுவதற்குச் சுலபம் என்பதால் இதைத்தான் பலரும் வாங்குகிறார்கள். தேய்ந்த வண்டியில் இது இரண்டில் மோசமானது.

ஆகவே முதல் வேலை, ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இதற்குப் பட்டறை தேவையில்லை. ஒரு ஸ்கேலும் கூட ஒரு ஆளும் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு மூன்றாம் கியரில் போடுங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலால் லீவரை முன்னும் பின்னும் தள்ளி, தடை தெரிகிற வரை எத்தனை மில்லிமீட்டர் சும்மா ஆடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு ஆட்டத்தையும் தனியாகக் குறியுங்கள். வேலை முடிந்தபின் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் வேண்டும். கை நினைவு இதில் நம்பத்தக்கதல்ல, புது புஷ் போட்ட சந்தோஷத்தில் எல்லாமே நன்றாக இருப்பது போலத்தான் தெரியும்.

பிறகு பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் மேலே இரண்டு கேபிள்கள் வந்து மாட்டும் இடத்தைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையோ பேட்டரியையோ எடுத்தால் நன்றாகத் தெரியும். ஒரு கேபிள் லீவரின் முன்–பின் அசைவைக் கொண்டுவருகிறது, இன்னொன்று இட–வல அசைவை. முதலாவதை ஷிஃப்ட் கேபிள் என்றும் இரண்டாவதை செலக்ட் கேபிள் என்றும் சொல்வார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் லீவரை மெதுவாக அந்த ஆட்ட எல்லைக்குள் மட்டும் ஆட்டட்டும். நீங்கள் கேபிள் முனையில் விரலை வையுங்கள். கேபிள் முனை நகர்கிறது, செலக்டர் கை நகரவில்லை என்றால் அந்த முனைப் புஷ் போய்விட்டது. கேபிள் முனையே நகரவில்லை என்றால் குறை லீவர் பக்கம். அடுத்து, கேபிளின் வெளி உறையை பிராக்கெட்டுக்கு ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். கியர் மாற்றும்போது அந்த உறையே முன்னும் பின்னும் போய்வந்தால் பிராக்கெட்டில் உள்ள ரப்பர் தளர்ந்துவிட்டது. பலர் முனைப் புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு, இந்த ரப்பரைப் பார்க்காமல் விடுவதால்தான் "மாற்றியும் சரியாகவில்லை" என்கிறார்கள். கேபிள் முனை, செலக்டர் கை இரண்டும் சேர்ந்தே ஆடி, கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டே லொடலொடத்தால் அது கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டிய உள்வேலை.

லீவர் பக்கம் பார்க்க நடுக் கன்சோலைக் கழற்ற வேண்டும். லீவர் பெட்டி தரையில் போல்ட் போட்டு நிற்கும். முதலில் அந்த போல்ட்களை இறுக்கிப் பாருங்கள். தளர்ந்திருப்பது அபூர்வமல்ல. பெட்டிக்கு அடியில் ரப்பர் புஷ் இருந்தால் அது அமுங்கி, லீவரைத் தள்ளும்போது பெட்டியே சாய்கிறதா என்று கவனியுங்கள். பந்து மூட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து கறுப்பு மசியாக நிற்கும். துடைத்தெடுத்துவிட்டுப் புது லித்தியம் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். கிண்ணம் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். லீவரை மூன்று–நாலு வரிசைக்கு இழுத்து நிறுத்தும் ஸ்பிரிங் இந்தப் பெட்டியிலோ கியர்பாக்ஸிலோ இருக்கும். நியூட்ரலில் லீவரை இடதுபக்கம் தள்ளி விட்டால் தானாக நடுவுக்கு வர வேண்டும். சோம்பலாக வந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது செலக்ட் கேபிள் உள்ளே உரசுகிறது.

கேபிளைச் சோதிக்க, இரண்டு முனையையும் கழற்றிவிட்டு உள்கம்பியை இரண்டு விரலால் இழுத்துத் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் எங்காவது சொரசொரவென்று பிடித்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை தேய்ந்துவிட்டது, அல்லது முனை ரப்பர் கிழிந்து தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கிறது. நீலகிரி மழைக்கும் பனிக்கும் இது சகஜம். துரு நீக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்து ஒப்பேற்ற வேண்டாம். இருக்கிற கொஞ்சநஞ்ச கிரீஸையும் அது கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். ஒரு மாதத்தில் முன்னைவிட மோசமாகும். கேபிள் உரசினால் கேபிளைத்தான் மாற்ற வேண்டும். கேபிள் நன்றாக இருந்து புஷ் மட்டும் போயிருந்தால் மட்டுமே புஷ் வேலைக்கு அர்த்தமுண்டு.

புஷ் கடையில் தனியாகக் கேட்டால் "கேபிளோடு சேர்ந்துதான் வரும்" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். கேபிளும் 92,000 கி.மீ. ஓடியதுதான் என்பதால், பணம் ஒத்துவந்தால் இரண்டு கேபிளையும் ஒரிஜினலாகவே மாற்றிவிடுவது என் முதல் பரிந்துரை. புதிதாக வரும் புஷ், பிராக்கெட் ரப்பர் எல்லாம் அதிலேயே இருக்கும். வேலையும் ஒரே தடவையில் முடியும். லீவர் புது வண்டியில் எப்படி இருந்ததோ அப்படி வந்துவிடும். நீங்கள் ஏங்குவது அந்த உணர்வாகவே இருக்கலாம்.

அதைவிடக் கறாரான உணர்வு வேண்டுமென்றால் கெட்டியான புஷ் போடலாம். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பல கியர்பாக்ஸ்களில் செலக்டர் தண்டு இரண்டு விதமாக அசையும். வரிசை மாற்றும்போது தண்டு மேலும் கீழும் நகரும், கியர் போடும்போது சுழலும். ஆகவே ஷிஃப்ட் கேபிளின் முனை, தன் வேலையான முன்–பின் அசைவோடு, தண்டு ஏறி இறங்கும்போது பக்கவாட்டிலும் சில மில்லிமீட்டர் இழுபடும். ஒரிஜினல் புஷ்ஷில் ரப்பர் இருப்பது சத்தத்தை அடக்க மட்டுமல்ல, இந்தக் கோணல் அசைவுக்கு இடம் கொடுக்கவும்தான். லேத்தில் கொடுத்து இறுக்கமான பித்தளை புஷ் செய்து போட்டால் முதல் நாள் பிரமாதமாக இருக்கும். முதல்–இரண்டு வரிசையிலும் ஐந்தாம் கியரிலும் மட்டும் லீவர் இறுகும். கொஞ்ச நாளில் புஷ், செலக்டர் கையில் உள்ள பின்னை (முளையை)த் தின்ன ஆரம்பிக்கும். பின் தேய்ந்தால் செலக்டர் கையையே மாற்ற வேண்டிவரும்.

எனவே கியர்பாக்ஸ் பக்கத்து ஷிஃப்ட் கேபிள் முனைக்கு பாலியூரித்தேன் புஷ் போதும். லீவர் பக்கத்து முனைகளுக்கும் பிராக்கெட்டுக்கும் நைலான் அல்லது டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடைசல் செய்து போடலாம். லேத்காரரிடம் கொடுக்கும்போது பழைய புஷ்ஷை அளந்து கொடுக்காதீர்கள், அது தேய்ந்தது. பின்னின் தேயாத ஓரத்தையும் கேபிள் கண்ணின் உள்விட்டத்தையும் வெர்னியரில் அளந்து கொடுங்கள். பின் 10 மி.மீ. என்றால் துளை 10.1 மி.மீ. இருக்கட்டும். இரண்டு பக்கத்து விளிம்பையும் நன்றாகச் சரித்துவிடச் சொல்லுங்கள், கோணலாக அசைய அந்தச் சரிவுதான் இடம் தரும். ரப்பருக்கும் பாலியூரித்தேனுக்கும் சிலிக்கான் கிரீஸ்தான் பூச வேண்டும். சாதாரண கிரீஸில் ரப்பர் ஊறி உப்பிவிடும். இப்போது 3டி பிரிண்டில் செய்த புஷ்களும் விற்பனைக்கு வருகின்றன. எந்தப் பிளாஸ்டிக் என்று கேளுங்கள். பிஎல்ஏ என்றால் வாங்கவே வாங்காதீர்கள். அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும், எஞ்சின் அறைக்குள் அந்தச் சூட்டை எட்ட மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு ஏற்றம் போதும்.

கெட்டி புஷ் போட்டால் கியர்பாக்ஸின் சன்னமான அதிர்வும் முனகலும் கைப்பிடிக்கு வரும். சிலருக்கு அது பிடிக்கும். வீட்டில் மற்றவர்களும் ஓட்டும் வண்டி என்றால் அவர்களையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எல்லாம் மாட்டியபின் சரிபார்ப்பு. கேபிள் முனையில் நீளம் சரிசெய்யும் ஏற்பாடு இருந்தால், லீவரையும் செலக்டர் கையையும் நியூட்ரலில் வைத்து, எந்தப் பக்கமும் இழுவை இல்லாமல் பூட்ட வேண்டும். நீளம் பிசகினால் ஒரு பக்கத்துக் கியர்கள் முழுதாக விழும், எதிர்ப்பக்கத்துக் கியர்கள் அரைகுறையாக நிற்கும். அரைகுறையாக விழுந்த கியர்தான் ஆக்ஸிலேட்டரை விட்டதும் நியூட்ரலுக்குத் துள்ளி வரும். ஒவ்வொரு கியரிலும் போட்டு, அதற்குப் பிறகும் லீவர் இன்னும் ஒரு துளி நெகிழ்ந்து போகிறதா என்று பாருங்கள். அந்த நெகிழ்வு இருந்தால் கியர் உள்ளே முழுதாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முன்பே லீவர் கன்சோலிலோ தோல் உறையிலோ முட்டி நின்றால் அளவு சரியில்லை. வாட்டர் பாட்டில், மொபைல் வைக்கும் ஸ்டாண்டு என்று கடையில் வாங்கி ஒட்டும் சாமான்கள் இரண்டாம் கியரில் முட்டுவதும் உண்டு.

இனி ஆயில். கியர் மாற்றும்போது உள்ளே நடப்பது இதுதான்: சின்க்ரோ வளையம் கியரின் கூம்பின் மேல் அமுங்கி உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. அதன் பிறகே கியரைப் பூட்டும் ஸ்லீவ் உள்ளே வழுக்கிப் போகும். வளையம் உரச வேண்டுமென்றால் நடுவிலிருக்கும் ஆயில் படலம் முதலில் அறுபட வேண்டும். ஆயில் கெட்டியாக இருந்தால் படலம் சீக்கிரம் அறுபடாது. குளிர்காலத்தில் உங்கள் ஊர்க் காலையில் அது இன்னும் கெட்டியாகும். இரண்டாம் கியர் அடம் பிடிப்பது இதனால்தான். மெக்கானிக் சொல்லும் 90 ஆயில் அந்தப் படலத்தை இன்னும் தடியாக்கும். சூடான பிறகு கொஞ்சம் சத்தம் அடங்கலாம், காலையில் படுத்தும். 75டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-80, ஜிஎல்-4 தரம், உங்கள் வண்டிக் கையேட்டில் எந்த எண் போட்டிருக்கிறதோ அது மட்டும் போதும். "75டபிள்யூ" என்ற முதல் பாதிதான் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது.

ஜிஎல்-5 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, எண் பெரிது, தரம் உயர்ந்தது என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது பின் ஆக்ஸில் டிஃபரன்ஷியல் பற்களுக்கானது. அதில் உள்ள கந்தக–பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். சூட்டில் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும், உரச வேண்டிய இடத்தை வழுக்கவும் வைக்கும். ஜிஎல்-4 என்று கையேடு சொன்னால் ஜிஎல்-4 தான்.

ஆயில் மாற்றும் முறையில் முதல் எச்சரிக்கை இது. வடிகால் போல்ட்டைத் திறப்பதற்கு முன் ஊற்றும் துளையின் போல்ட்டைத் திறந்து பாருங்கள். எல்லாம் வடிந்தபின் மேல் போல்ட் மரை போய்த் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும். பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். வண்டி நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஊற்றினால் அளவு தப்பாகும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் போகவும் கூடாது, ஸ்டாண்டு கொடுங்கள். புனலில் ரப்பர் குழாய் சொருகி, ஊற்றும் துளையின் விளிம்பில் ஆயில் வழிய ஆரம்பிக்கும் வரை ஊற்றுங்கள். இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும், மூன்று லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

வடிந்த ஆயிலைக் கொட்டிவிடாமல் வெயிலில் ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். அது இயல்பான தேய்மானம். தட்டைச் சாய்த்தால் பொன்னிறத்தில் பொடி மினுங்கினால் சின்க்ரோ வளையம் கரைகிறது என்று பொருள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, ஆகவே போல்ட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நகத்தில் அகப்படுகிற அளவுக்கு இரும்புத் துண்டு கிடைத்தால் வேறெந்தச் செலவும் செய்யாமல் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கக் கொடுங்கள்.

அடுத்தது கரகரப்பு. முதலில் கிளட்சைச் சந்தேகியுங்கள். எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுதாக மிதித்து, ஐந்து எண்ணிவிட்டு, ரிவர்ஸில் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. அதனால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றால் இங்கேதான் பச்சையாகத் தெரியும். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் இழுக்கிறது. காரணம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். பெடலுக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் இரண்டு போட்டிருந்தால் பெடல் அந்த அளவுக்கு மேலேயே நின்றுவிடும். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். கேபிள் கிளட்ச் என்றால் நட்டைச் சரிசெய்ய வேண்டும். ஆயில் கிளட்ச் என்றால் திரவத்தைப் புதிதாக மாற்றி, காற்றை வெளியேற்ற வேண்டும்.

கிளட்ச் சரியாக இருந்தும் இரண்டாம் கியர் மட்டும், அதுவும் இறக்கும்போது மட்டும் கரகரத்தால், இரண்டாம் கியரின் சின்க்ரோ களைத்துவிட்டது. ஒரே வேகத்தில் மூன்றாம் கியரைவிட இரண்டாம் கியரில் எஞ்சின் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சுற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் அந்தச் சின்ன வளையம்தான் உரசி உரசி ஈடுகட்டுகிறது. மலைப்பாதை வண்டிகளில் இரண்டாம் சின்க்ரோ முதலில் போவதற்குக் காரணம் இதுவே. அதன் ஆயுளை நீட்ட வழியுண்டு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு இறக்குங்கள். மூன்றிலிருந்து எடுத்து நியூட்ரலில் அரை நொடி நிறுத்தி, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்து இரண்டில் போட்டால் வளையத்துக்கு வேலையே இருக்காது. பழைய லாரி டிரைவர்கள் எல்லோருக்கும் கைவந்த வித்தை இது. கையை லீவர் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கமிருந்தால் விட்டுவிடுங்கள். அந்தச் சின்ன அழுத்தமே உள்ளே ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க்கை ஸ்லீவோடு ஓயாமல் உரச வைக்கும்.

ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் லீவர் முன்னும் பின்னும் துள்ளினால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்களையும் பாருங்கள். மாருதி 800 போல லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு நேராக இரும்புத் தண்டு போகும் வண்டிகளில் மவுண்ட் தேய்ந்தால் லீவர் கூடவே ஆடும். கேபிள் வண்டிகளில் அந்தளவுக்குத் தெரியாது என்றாலும், எஞ்சின் அதிகமாகக் குலுங்கினால் கேபிளும் இழுபடத்தான் செய்யும்.

இத்தனையும் முடிந்தபின் வீச்சு நீளம் என்றே தோன்றினால், ஷார்ட் ஷிஃப்டருக்கு முன் கைப்பிடியில் ஆரம்பியுங்கள். 250 மி.மீ. லீவரில் கைப்பிடி 20 மி.மீ. தாழ்ந்து உட்கார்ந்தால் வீச்சு 8 சதவீதம் குறையும். கூடவே எடையும் இருந்தால், 250-லிருந்து 350 கிராம் வரை, கை தள்ளும் வேகத்தை அந்த எடை பிடித்துக்கொண்டு சின்க்ரோ தடையைத் தாண்டும்போது கை கொடுக்கும். அடிக்கு மேல் அடி வைப்பது போன்ற அந்தச் சின்னத் தட்டல்கள் மறைந்து ஒரே ஓட்டமாக விழும். அரைக் கிலோவுக்குப் போனால் குழியில் லீவரே குலுங்கும். வாங்குமுன் மரையின் விட்டமும் பிட்ச்சும் உங்கள் லீவருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பளபளக்கும் இரும்புக் கைப்பிடி வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் தொட முடியாது. தோல் சுற்றியது வாங்குங்கள். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் மேலே செலக்டர் கையோடு ஒரு இரும்புக் குண்டு சேர்த்திருப்பார்கள். அதுவும் இதே வேலைக்குத்தான். எடை குறைக்கிறேன் என்று யாராவது அதை வெட்டச் சொன்னால் விடாதீர்கள்.

அதற்கும் பிறகு ஷார்ட் ஷிஃப்டர்தான் வேண்டும் என்றால், லீவரின் கீழ்ப்பகுதியை நீட்டும் வகையை, 20 சதவீதத்துக்கு மேல் போகாமல், உங்கள் மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். மாட்டியதும் ஒவ்வொரு கியரிலும் லீவரின் அடிமுனை பெட்டியிலோ தரையிலோ தட்டாமல் போகிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான கிட்கள் முன்–பின் வீச்சை மட்டுமே குறைக்கும், இட–வல அசைவு பழையபடியே இருக்கும். இரண்டும் பொருந்தாமல், அவசரத்தில் நாலுக்குப் பதில் இரண்டில் விழ வாய்ப்புண்டு. வேகத்தில் அது நடந்தால் எஞ்சின் அதன் எல்லைக்கு மேல் சுற்றி வால்வுகள் வளையக்கூடும். ஒரிஜினல் லீவரை வெட்டி வெல்டு வைத்து நீட்டித் தரும் பட்டறைகளும் இருக்கின்றன. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வெல்டின் சூட்டில் பந்து மூட்டுப் பிளாஸ்டிக் இளகும். வெல்டு வெடித்தால் கொண்டை ஊசியில் லீவர் கையோடு வந்துவிடும்.

செய்ய வேண்டிய வரிசை இது: இந்த வாரமே ரப்பர் மேட், கிளட்ச் சோதனை, ஆட்ட அளவு. அடுத்து சரியான ஜிஎல்-4 ஆயில். அதோடு சேர்த்து, வாய்த்தால், இரண்டு கேபிளும் பிராக்கெட் ரப்பரும். 500 கி.மீ. ஓட்டிவிட்டு அதே ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். மூன்றாம் கியரில் ஆட்டம் 8 மி.மீட்டருக்குள் வந்து, காலையில் இரண்டாம் கியரும் விழுந்தால் வேலை முடிந்தது. ஆட்டம் போய், கரகரப்பு மட்டும் மிஞ்சினால் கியர்பாக்ஸை இறக்கி இரண்டாம் சின்க்ரோ வளையத்தை மாற்ற வேண்டியதுதான். அப்படி இறக்கும்போது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், செலக்டர் தண்டின் ஆயில் சீல் நாலையும் கையோடு மாற்றச் சொல்லிவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலியை இரண்டாம் தடவை கொடுக்க வேண்டியிருக்காது.